பிகாஸ் ஆஃப் மாமா... இன்ஸ்பைட் ஆஃப் மாமா!

காரணம் சொல்வதில் நம்மை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. காலை ஒன்பதே முக்காலுக்கு எந்த ஆபீஸ் வாசலில் வேண்டுமானாலும் போய் நின்று பாருங்கள். 'ரயில்வே கேட்ல மாட்டிக்கிட்டேன் சார்', 'கேஸ் சிலிண்டர் காலி சார்', 'பையனை ஸ்கூல்ல விடப் போனேன், அங்க ரிப்போர்ட் கார்டுல கையெழுத்துப் போடச் சொல்லி உட்கார வெச்சுட்டாங்க சார்'... ஒவ்வொன்றும் ஒரு சிறுகதை. ஆரம்பம், நடு, முடிவு, கடைசியில் லேசாகக் கண்ணீர் எல்லாம் இருக்கும்.

அதே ஆசாமியிடம் ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, 'இதையே இங்கிலீஷ்ல எழுதிக் குடுங்க' என்று சொல்லுங்கள். தீர்ந்தது கதை. கேட், சிலிண்டர், ரிப்போர்ட் கார்டு எல்லாம் மாயமாய் மறைந்து, ஒரே ஒரு வரிதான் வந்து நிற்கும்: 'ஏஸ் ஐ யம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்...'

ஆறாம் கிளாஸில் மனப்பாடம் பண்ணின லீவ் லெட்டர்! நன்றாக இருக்கிற மனுஷனுக்கு ஜுரம் வந்ததற்குக் காரணம் கொசு இல்லை. இங்கிலீஷ்.

இன்னும் கொஞ்சம் தைரியசாலிகள் உண்டு. அவர்கள் கையில் 'பிகாஸ்' என்று ஒரு சுத்தியல் இருக்கும். 'ஐ கேம் லேட் பிகாஸ் பஸ் லேட், பிகாஸ் ரெயின், பிகாஸ் ரோடு ஈஸ் பேட்...' என்று கூட்ஸ் வண்டி மாதிரி பெட்டி பெட்டியாகக் கோத்துக்கொண்டே போவார்கள். கடைசியில் கார்டு வேனைப் பார்ப்பதற்குள் மேனேஜர் தூங்கிவிடுவார்.

சிரிப்பு இருக்கட்டும். இது நம் பிழைப்பு சம்பந்தப்பட்ட விஷயம். மெமோவுக்குப் பதில், இன்டர்வியூவில் 'ஏன் பழைய வேலையை விட்டீங்க?' என்ற கேள்வி, வருஷக் கடைசியில் அப்ரைசல் ஃபாரம், வாடிக்கையாளருக்கு மன்னிப்புக் கடிதம்... எல்லா இடத்திலும் நம்மிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். 'ஏன்?' அதற்கு நாம் எழுதுகிற அந்த ஒரு வரியைத்தான் ஃபைலில் போட்டு வைக்கிறார்கள். நம் முகத்தைப் போடுவதில்லை.

நான் இலக்கண வாத்தியார் இல்லை. பி.காம். எங்களுக்குத் தெரிந்த ஒரே வேதாந்தம், எந்தப் பற்றுக்கும் எதிரே ஒரு வரவு உண்டு என்பது. 1494-ல் வெனிஸ் நகரத்தில் லூகா பாசியோலி என்ற கிறிஸ்தவத் துறவி அச்சடித்துக் கொடுத்துவிட்டுப் போன இரட்டைப் பதிவு முறை. இங்கிலீஷில் காரணம் சொல்கிற வார்த்தைகளையும் இப்படி எதிரும் புதிருமாக ஜோடி போட்டுப் படித்தால் சுலபமாக மண்டையில் ஏறுகிறது. தனித்தனியாகப் படித்தால் ஒன்று வரும்போது இன்னொன்று ஓடிவிடுகிறது. நாலே நாலு ஜோடி போதும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஜோடி நம்பர் 1: பிகாஸ் ஆஃப் - இன்ஸ்பைட் ஆஃப்

முதலில் தமிழில் இரண்டு வரி.

'படித்ததால் வேலை கிடைத்தது.'

'படித்தும் வேலை கிடைக்கவில்லை.'

முதல் வரி அப்பா சொல்வது. இரண்டாவது வரி பையன் சொல்வது. வித்தியாசம் எங்கே இருக்கிறது? முதலாவதில் ஓர் 'ஆல்'. இரண்டாவதில் ஓர் 'உம்'. அவ்வளவுதான்! நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் இந்த 'உம்' என்கிற குட்டி எழுத்துக்கு எட்டுப் பொருள் பிரித்து வைத்திருக்கிறார். நாம் அதைத் தினமும் இட்லிக்குச் சட்னி மாதிரி யோசிக்காமல் தொட்டுக்கொள்கிறோம்.

இங்கிலீஷ்காரனிடம் இந்தக் குட்டி 'உம்' கிடையாது. அவன் 'ஆல்' வருகிற இடத்தில் 'பிகாஸ் ஆஃப்' போடுகிறான். 'உம்' வருகிற இடத்தில் 'இன்ஸ்பைட் ஆஃப்' போடுகிறான். (தமிழில் நான் ஒட்டி எழுதுகிறேனே தவிர, இங்கிலீஷில் இன், ஸ்பைட், ஆஃப் என்று மூன்றும் தனித்தனி வார்த்தை. ஒட்டி எழுதினால் தப்பு.)

ஆக, 'பிகாஸ் ஆஃப்' என்பது ஜெயித்த காரணம். 'இன்ஸ்பைட் ஆஃப்' என்பது தோற்ற காரணம். மழை பெய்தது, ஆபீசுக்குப் போகவில்லை. மழை ஜெயித்தது: பிகாஸ் ஆஃப் த ரெயின். மழை பெய்தது; ஆனாலும் போனோம். மழை தோற்றது: இன்ஸ்பைட் ஆஃப் த ரெயின். 'ஸ்பைட்' என்ற வார்த்தையைத் தோண்டிக்கொண்டே போனால் லத்தீனில் 'மேலிருந்து கீழாகப் பார்ப்பது', அதாவது அலட்சியம் பண்ணுவது என்ற அர்த்தத்தில் போய் நிற்கிறது. மழையை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் போனேன் என்கிற ரோஷம் அதற்குள் ஒளிந்திருக்கிறது.

இரண்டையும் ஒரே வாக்கியத்தில் உட்கார வைத்தால் என்ன ஆகும்?

'ஹி காட் த ஜாப் பிகாஸ் ஆஃப் ஹிஸ் அங்கிள். ஹி கெப்ட் இட் இன்ஸ்பைட் ஆஃப் ஹிஸ் அங்கிள்.'

மாமாவால் வேலை கிடைத்தது. மாமா இருந்தும் அது நிலைத்தது! பத்தே நொடியில் ஒரு குடும்பக் கதை முடிந்துவிட்டது. சிபாரிசு பண்ணின மாமா அதற்கப்புறம் தினமும் ஆபீசுக்கு போன் போட்டு, 'பையன் எப்படி இருக்கான்?' என்று எம்.டி.யின் உயிரை எடுத்திருப்பார் என்பது தானாகப் புரிகிறது.

இங்கே நம் ஆட்கள் வழுக்கி விழும் இடங்கள் மூன்று.

ஒன்று, 'டெஸ்பைட் ஆஃப்'. டெஸ்பைட் என்றாலே 'இன்ஸ்பைட் ஆஃப்' முழுசும் வந்தாகிவிட்டது. அதற்கு இன்னொரு ஆஃப் தேவையில்லை. 'டெஸ்பைட் த ரெயின்' போதும்.

இரண்டு, 'தோ ஹி ஈஸ் புவர், பட் ஹி ஈஸ் ஆனஸ்ட்.' தமிழில் 'ஏழையா இருந்தாலும், ஆனா நேர்மையானவன்' என்று பேச்சுவாக்கில் சொல்லிவிடுகிறோம். இங்கிலீஷில் தோ இருந்தால் பட் வரக்கூடாது. பட் வந்தால் தோ வரக்கூடாது. ஒரே செலவை இரண்டு தடவை எழுதினால் ஆடிட்டர் விடுவாரா?

மூன்று, 'பிகாஸ் ஆஃப் ஐ வாஸ் இல்.' பிகாஸ் ஆஃபுக்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல்தான் வரலாம்: பிகாஸ் ஆஃப் மை இல்னஸ். முழு வாக்கியம் வேண்டுமென்றால் ஆஃபைக் கழற்றிவிட வேண்டும்: பிகாஸ் ஐ வாஸ் இல்.

இந்த மூன்றாவது தப்பைப் பண்ணியவர்கள் ரொம்ப வெட்கப்பட வேண்டாம். உங்களுக்குத் துணைக்கு இந்திய அரசின் சட்டப் புத்தகமே இருக்கிறது! செக் திரும்பினால் கேஸ் போடுகிறார்களே, அந்த நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சட்டம், 138-வது பிரிவு. சட்டம் 1881-ல் வந்தது. இந்தப் பிரிவு 1988-ல் திருத்தமாக உள்ளே நுழைந்தது. பி.காம். படிக்கிற எல்லோரும் பரீட்சைக்கு உருப்போட்ட பிரிவு. அதில் 'கணக்கில் பணம் போதாததால்' என்று சொல்ல வேண்டிய இடத்தை எடுத்துப் பாருங்கள். 'பிகாஸ் ஆஃப்' என்று ஆரம்பித்து, கடைசியில் 'ஈஸ் இன்சஃபிஷியன்ட்' என்று வினைச்சொல்லோடு முழு வாக்கியத்தைக் கோத்து வைத்திருக்கிறார்கள். பார்லிமென்ட் பாஸ் பண்ணி, ஜனாதிபதி கையெழுத்துப் போட்டு, எத்தனையோ கோர்ட்டில் படித்தாயிற்று. அந்த 'ஆஃப்' இன்னும் அங்கேயே சட்டமாக உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் ஒன்று. அந்தப் பிரிவில் 2 வருஷம் வரை ஜெயிலோ, செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. 'உங்க கிராமர் தப்பு யுவர் ஆனர்' என்று வாதாடித் தப்பிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

ஜோடி நம்பர் 2: நாட் பிகாஸ் - பட் பிகாஸ்

இதுதான் நாலில் ரொம்ப டேஞ்சரான ஜோடி.

கேஷ் செக்ஷனில் ஒரு விசாரணை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வவுச்சர் விவகாரம். நம்ம ஆள் எழுதிக் கொடுக்கிறான்:

'ஐ டிட் நாட் சைன் த வவுச்சர் பிகாஸ் த மேனேஜர் டோல்டு மீ.'

கையெழுத்துப் போட்டானா, போடவில்லையா?

ஒரு விதமாகப் படித்தால், மேனேஜர் சொன்னதால் இவன் கையெழுத்துப் போடவில்லை. இன்னொரு விதமாகப் படித்தால், கையெழுத்துப் போட்டுவிட்டான். ஆனால் மேனேஜர் சொன்னதற்காகப் போடவில்லை, தானாகவே போட்டான். முதல் அர்த்தத்தில் மாட்டுவது மேனேஜர். இரண்டாவது அர்த்தத்தில் மாட்டுவது இவன். இதில் எந்த அர்த்தத்தை எடுத்துக்கொள்வது என்று முடிவு பண்ணப்போவது விசாரணை அதிகாரி. அவர் மேனேஜரோடு தினமும் மத்தியானம் டிபன் பாக்ஸைப் பிரித்துச் சாப்பிடுகிறவராக இருந்தால்..? மேலே சொல்ல வேண்டாம்.

தமிழிலும் இந்தக் கோளாறு உண்டு. 'மேனேஜர் சொன்னதால் நான் கையெழுத்துப் போடவில்லை' என்று எழுதிப் பாருங்கள். அதே இரட்டை அர்த்தம். பேசும்போது, 'மேனேஜர் சொன்னாருன்னு ஒண்ணும் நான் போடல!' என்று குரலை ஏற்றி இறக்கிச் சமாளித்துவிடுவோம். காகிதத்துக்குக் குரல் கிடையாது.

மருந்து ரொம்ப எளிது. அந்த 'நாட்'டைக் கொண்டுபோய் வினைச்சொல்லுக்குப் பக்கத்தில் ஒட்டாதீர்கள். எந்தக் காரணத்தை மறுக்கிறீர்களோ அதற்குப் பக்கத்தில் நிறுத்துங்கள்.

போட்டவன் எழுத வேண்டியது: 'ஐ சைன்டு த வவுச்சர் நாட் பிகாஸ் த மேனேஜர் டோல்டு மீ டு, பட் பிகாஸ் த பில்ஸ் வேர் இன் ஆர்டர்.'

போடாதவன் எழுத வேண்டியது: 'பிகாஸ் த மேனேஜர் டோல்டு மீ நாட் டு, ஐ டிட் நாட் சைன் த வவுச்சர்.'

இப்போது எந்த அதிகாரி எந்த டிபன் பாக்ஸைப் பிரித்தாலும் அர்த்தம் மாறாது.

இந்த ஜோடியில் இரண்டு பக்கமும் ஒரே அச்சில் வார்க்க வேண்டும். அந்தப் பக்கம் பிகாஸ் என்றால் இந்தப் பக்கமும் பிகாஸ். அந்தப் பக்கம் பிகாஸ் ஆஃப் என்றால் இந்தப் பக்கமும் பிகாஸ் ஆஃப். ஒரு கால் செருப்பு, ஒரு கால் ஷூ என்று நடந்தால் நொண்டும்.

இன்னொரு சமாச்சாரம். இது கிராமர் இல்லை, உலக ஞானம். 'நாட் பிகாஸ்' என்ற பக்கத்தில் நீங்கள் போடுகிற காரணம், எதிராளி ஏற்கெனவே சந்தேகப்பட்டிருக்கக்கூடிய காரணமாக இருக்க வேண்டும். அவர் நினைத்தே பார்க்காத ஒன்றை நீங்களாகப் போய் மறுக்கக்கூடாது. 'ஐ யம் ஆஸ்கிங் ஃபார் லீவ் நாட் பிகாஸ் ஆஃப் த கிரிக்கெட் மேட்ச், பட் பிகாஸ் ஆஃப் மை கிராண்ட்மதர்' என்று ஒருத்தர் எழுதினால், சும்மா இருந்த மேனேஜர் உடனே போனை எடுத்து, 'இன்னிக்கு என்ன மேட்ச்?' என்றுதான் தேடுவார். பெண் பார்க்கப் போன இடத்தில், 'நான் சம்மதிச்சது உங்க வீட்டு மாடிக்காக இல்லீங்க' என்றால், பெண்ணின் அப்பா நிமிர்ந்து முதல் வேலையாக மாடியைத்தான் பார்ப்பார்.

ஜோடி நம்பர் 3: இன் த ஹோப் ஆஃப் - ஃபார் ஃபியர் ஆஃப்

முதல் இரண்டு ஜோடிகளில் காரணம் பெரும்பாலும் முதுகுக்குப் பின்னால் இருந்தது. மழை பெய்தாயிற்று, மாமா சொல்லியாயிற்று. மூன்றாவது ஜோடியில் காரணம் கண்ணுக்கு முன்னால், இன்னும் நடக்காமல் இருக்கிறது. ஒன்று ஆசை, இன்னொன்று பயம். மனுஷன் காலையில் படுக்கையை விட்டு எழுந்திருப்பதே இந்த இரண்டில் ஒன்றால்தானே?

'ஹி கேம் எர்லி இன் த ஹோப் ஆஃப் கெட்டிங் எ சீட்.' உட்கார இடம் கிடைக்கும் என்று சீக்கிரம் வந்தான்.

'ஹி லெஃப்ட் எர்லி ஃபார் ஃபியர் ஆஃப் மிஸ்ஸிங் த லாஸ்ட் பஸ்.' கடைசி பஸ் போய்விடுமோ என்று சீக்கிரம் கிளம்பினான்.

தமிழ் வரிகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 'கிடைக்கும் என்று' என்றால் ஆசை. 'போய்விடுமோ என்று' என்றால் பயம். பயத்தையெல்லாம் நாம் ஒற்றை 'ஓ'வில் அடக்கிவிட்டோம்! இங்கிலீஷ்காரன் அதற்கு 'ஃபார் ஃபியர் ஆஃப்' என்று மூன்று வார்த்தை செலவு பண்ணுகிறான்.

ஆபீசில் நடக்கிற முக்கால்வாசி காரியங்களுக்கு இந்த ஜோடிதான் விளக்கம். ஒரே காரியத்தை இரண்டு பேர் பண்ணுவார்கள். காரணம் வேறு வேறாக இருக்கும். பாஸ் சொன்ன ஜோக்குக்கு எல்லோரும் சிரிக்கிறார்கள். முன் வரிசை சிரித்தது இன் த ஹோப் ஆஃப் எ ப்ரமோஷன். பின் வரிசை சிரித்தது ஃபார் ஃபியர் ஆஃப் எ டிரான்ஸ்ஃபர். நிஜமாகவே ஜோக் பிடித்துச் சிரித்தவர் ஒருவர் இருப்பார், அது பாஸ்தான்.

இரண்டுக்கும் பின்னால் பெயர்ச்சொல் வரலாம். வினை வந்தால் 'இங்' வாலோடு வர வேண்டும். கெட்டிங், மிஸ்ஸிங். இதே வால் இன்னொரு இடத்திலும் கட்டாயம். 'வித் எ வியூ டு' என்று அப்ளிகேஷன்களில் எழுதுவோமே, அங்கே. 'வித் எ வியூ டு இம்ப்ரூவ் மை ப்ராஸ்பெக்ட்ஸ்' என்று எழுதுகிறவர்களே அதிகம். 'டு'வைப் பார்த்ததும் கை தானாக 'இம்ப்ரூவ்' என்று போட்டுவிடுகிறது. 'இம்ப்ரூவிங்' என்பதுதான் சரி.

பயத்துக்கு 'லெஸ்ட்' என்று ஒரு பழைய வார்த்தையும் உண்டு. 'ரென் அண்ட் மார்ட்டின்' படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். (அந்த ரென் யார் தெரியுமோ? பி.சி. ரென். 1924-ல் 'போ ஜெஸ்ட்' என்று பிரெஞ்சு அந்நியர் படையைப் பற்றிப் பாலைவன சாகச நாவல் எழுதியவர். அதே கைதான் நம்மை பார்ஸிங்கிலும் மாட்டிவிட்டது!) லெஸ்ட்டுக்குள்ளேயே 'இல்லை' ஒளிந்திருக்கிறது. அதனால் பின்னால் 'நாட்' வரக்கூடாது. 'ஐ ரோட் இட் டவுன் லெஸ்ட் ஐ ஷுட் ஃபர்கெட்.' மறந்துவிடக் கூடாதே என்று எழுதி வைத்தேன். 'ஷுட் நாட் ஃபர்கெட்' என்று எழுதினால், ஞாபகம் இருந்துவிடுமோ என்று பயந்து எழுதி வைத்ததாக ஆகிவிடும். கடன் வாங்கினவர்களுக்கு வேண்டுமானால் அது பொருந்தும்.

ஜோடி நம்பர் 4: தேங்க்ஸ் டு - ஃபார் வான்ட் ஆஃப்

ஒன்று இருந்ததால் நடந்தது. இன்னொன்று இல்லாததால் நடக்கவில்லை. இருப்பும் இல்லாமையும். கணக்கில் ஆஸ்தி, பொறுப்பு மாதிரி.

'தேங்க்ஸ் டு மை ஒய்ஃப், த மணி லாஸ்டட் டில் த ட்வென்டி ஃபிஃப்த்.' மனைவியின் புண்ணியத்தில் பணம் 25-ம் தேதி வரை தாங்கியது.

'ஃபார் வான்ட் ஆஃப் மணி, வி வாக்டு ஆஃப்டர் தட்.' பணம் இல்லாததால் அதற்கப்புறம் நடந்து போனோம்.

இங்கே 'வான்ட்' என்றால் விருப்பம் இல்லை, இல்லாமை. கோர்ட்டில் 'ஃபார் வான்ட் ஆஃப் எவிடென்ஸ்' விடுதலை என்று சொன்னால் சாட்சியம் இல்லாததால் என்று அர்த்தம். சாட்சியம் வேண்டும் என்று ஆசைப்பட்டு விடுதலை செய்ததாக நினைத்துக்கொள்ளக் கூடாது. ஓர் ஆணி இல்லாததால் லாடம் போய், லாடம் இல்லாததால் குதிரை போய், குதிரை இல்லாததால் ஆளே போன பழைய கதையை பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் 1758-ம் வருஷத்துப் பஞ்சாங்கத்தில் எடுத்துப் போட்டார். அந்தக் கதை முழுக்க ஓடுவது இந்த ஃபார் வான்ட் ஆஃபில்தான். நம் ஊரில் ஸ்டேப்ளர் பின் இல்லாமல் ஃபைல் போய், ஃபைல் இல்லாமல் டெண்டர் போன கதைகள் எத்தனையோ!

தேங்க்ஸ் டுவை மட்டும் ஜாக்கிரதையாகக் கையாள வேண்டும். நல்லது நடந்தால் நன்றி. கெட்டது நடந்த இடத்தில் போட்டால் ஊசி. 'தேங்க்ஸ் டு அவர் மேனேஜர், வி லாஸ்ட் த ஆர்டர்' என்று எழுதினால் மேனேஜருக்கு மாலை போடவில்லை, மலர்வளையம் வைக்கிறீர்கள். தமிழிலும் 'எல்லாம் உங்க புண்ணியம்' என்பதை எந்தக் குரலில் சொல்கிறோம் என்பதைப் பொறுத்துத்தானே காபி கிடைப்பதும் கிடைக்காததும்?

நன்றியும் இல்லாமல் ஊசியும் இல்லாமல் காரணம் சொல்ல ஓயிங் டு, ட்யூ டு என்று இருக்கின்றன. இந்த இரண்டுக்கும் பெரிய வாய்க்கால் தகராறு. 'த டிலே வாஸ் ட்யூ டு ரெயின்' என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. 'ட்யூ டு ரெயின், த மேட்ச் வாஸ் கேன்சல்டு' என்று வாக்கியத்தின் தலையில் வைத்தால், அங்கே ஓயிங் டுதான் வர வேண்டும் என்று ஃபௌலர் என்ற இலக்கணப் பெரியவர் 1926-ல் கண்டித்தார். 1957-ல் கனடா பார்லிமென்டில் எலிசபெத் ராணி வாசித்த உரையிலேயே அந்தத் தலை ட்யூ டு வந்துவிட்டது. ராணி சொன்னால் 'க்வீன்ஸ் இங்கிலீஷ்' இல்லை என்று யார் சொல்ல முடியும்? இன்றைக்குப் பத்திரிகைகளில் இரண்டும் தாராளமாக வருகின்றன. உங்கள் பாஸ் பழைய காலத்து ஆசாமி என்றால் ஓயிங் டு. வாலிபர் என்றால் எதுவும் ஓடும்.

இதெல்லாம் எதற்கு?

'இத்தனை நுணுக்கம் எதுக்கு சார்? அர்த்தம் புரிஞ்சா போதாதா?' என்று கேட்பீர்கள். எங்கள் தெருத் தம்பி ஒருவனின் கதையைச் சொல்கிறேன்.

அவனும் பி.காம். மூன்று வருஷப் படிப்பை நாலரை வருஷத்தில் முடித்தவன். லாரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்கு விபத்தில் கால் போய்விட்டது. இவன் ராத்திரியில் ஒரு பார்சல் ஆபீசில் மூட்டை எண்ணி, சீட்டுப் போட்டு, லாரி ஏற்றி அனுப்பிவிட்டு, காலையில் காலேஜுக்குப் போனான். கிளாஸில் தூங்கினான். காஸ்ட் அக்கவுன்டிங்கில் அரியர் விழுந்தது. திரும்ப எழுதினான். திரும்ப விழுந்தது. மூன்றாம் தடவை பாஸ் பண்ணினான்.

இன்டர்வியூவில் எல்லோரும் அவனுடைய மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். 'ஒய் திஸ் கேப்?' அவனும் எல்லா இடத்திலும் ஒரே பதிலைத்தான் சொன்னான். 'பிகாஸ் ஆஃப் ஃபேமிலி ப்ராப்ளம், சார்.'

அதோடு எல்லோரும் தலையை ஆட்டிவிட்டு, 'வி வில் லெட் யூ நோ' என்றார்கள். ஃபேமிலி ப்ராப்ளம் என்றால் அவர்களுக்கு என்ன தெரியும்? அண்ணன் தம்பி சொத்துத் தகராறாக இருக்கலாம், இவனே வீட்டை விட்டு ஓடினவனாக இருக்கலாம். கேட்கவே சங்கடம். அந்த ஒரு வரி சொன்னதெல்லாம், 'ஒரு கஷ்டம் வந்தது, நான் நின்றுவிட்டேன்' என்பதைத்தான். ஆனால் நடந்தது அதுவா? கஷ்டம் வந்தது. அவன் நிற்கவில்லை!

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அவனுடைய பதிலை இரண்டு வரியாகப் பிரித்தோம்.

'ஐ ஒர்க்டு நைட்ஸ் இன் எ பார்சல் ஆபீஸ் பிகாஸ் ஆஃப் மை ஃபாதர்ஸ் ஆக்சிடென்ட். ஐ ஃபினிஷ்டு மை டிகிரி இன்ஸ்பைட் ஆஃப் இட்.'

அவன் படித்துப் பார்த்துவிட்டுக் கூச்சத்தோடு கேட்டான். 'அண்ணே, இது கொஞ்சம் பீத்திக்கிற மாதிரி இல்லே?'

'இதுல ஏதாவது பொய் இருக்காடா?'

'இல்லண்ணே.'

'அப்ப பீத்தல் இல்ல. கணக்கு.'

அடுத்த இன்டர்வியூவிலும் வேலை கிடைக்கவில்லை. சினிமா இல்லையே! ஆனால் முதல் தடவையாக அவனிடம் இரண்டாவது கேள்வி கேட்டார்கள். 'அப்பா இப்போ எப்படி இருக்கார்?' அதைச் சொல்லும்போது அவனுக்குக் குரல் கொஞ்சம் கட்டிக்கொண்டது. அதற்கடுத்த இடம் ஒரு குடோன். அங்கே கேட்ட இரண்டாவது கேள்வி வேறு. 'ராத்திரிக்கு எத்தனை லோடு பார்ப்பே? சீட்டு யார் போடுவா? மூட்டை குறைஞ்சா என்ன பண்ணுவே?' தம்பி பிரித்து மேய்ந்துவிட்டான். இங்கிலீஷ் நடுநடுவே தமிழில் இறங்கிவிட்டதாம். கேட்டவரும் கூடவே இறங்கிவிட்டாராம்.

டிஸ்பாட்ச் செக்ஷனில் வேலை. ஆக, டிகிரி முடித்தது இன்ஸ்பைட் ஆஃப் பார்சல் ஆபீஸ். வேலை கிடைத்தது பிகாஸ் ஆஃப் பார்சல் ஆபீஸ்!

வெறும் 'பிகாஸ்' மட்டும் சொல்கிறவனைக் கேட்கிறவர்கள் சாக்குச் சொல்கிறான் என்று நினைக்கிறார்கள். எதிர்ப் பக்கத்தையும் சேர்த்துச் சொல்கிறவனைக் கணக்குச் சொல்கிறான் என்று நினைக்கிறார்கள். என்ன தடுத்தது, அதையும் மீறி என்ன செய்தேன். எதற்காக இல்லை, எதற்காக. எதை எதிர்பார்த்து, எதற்குப் பயந்து. யாரால் ஆயிற்று, எது இல்லாமல் போயிற்று. இந்த எட்டுக் கேள்விக்கும் நமக்குத் தமிழில் பதில் தெரியும். ஓர் 'ஆல்', ஓர் 'உம்', ஓர் 'ஓ' போட்டுச் சர்வசாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அதையே இங்கிலீஷில் எழுத வேண்டும் என்றால், முதலில் தமிழ் வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்து, அதில் இருப்பது ஆலா, உம்மா, ஓவா என்று கண்டுபிடியுங்கள். அப்புறம் ஜோடியில் எந்தப் பக்கம் என்று தானாகத் தெரிந்துவிடும்.

நாளைக்கே ஒரு லீவ் லெட்டரில் பரீட்சித்துப் பாருங்கள். ஜுரத்தை விட்டுவிட்டு நிஜக் காரணத்தை எழுதுங்கள். லீவு கிடைத்தால் பிகாஸ் ஆஃப் இந்தக் கட்டுரை.

கிடைக்காவிட்டால்... இன்ஸ்பைட் ஆஃப் இந்தக் கட்டுரை!